எல்லோருக்கும் பொருந்துமா ஒரே டயட்?



சங்கத்தின் ஒன்றுகூடல்களில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது இப்போதெல்லாம் அதிகம் காதில் விழுவது பிள்ளைகளின் படிப்போ வீட்டு விலையோ அல்ல, யார் என்ன டயட்டில் இருக்கிறார் என்ற கதைதான். ஒருவர் கீட்டோ. சோற்றைத் தொடமாட்டார், ஆனால் ஆட்டிறைச்சிக் கறிக்கு இரண்டு தரம் வருவார். இன்னொருவர் மத்தியானம் பன்னிரண்டு மணி வரை பச்சைத் தண்ணீர் மட்டும். மூன்றாமவர் பேலியோ. தமிழ்நாட்டில் முகநூல் வழியாகப் பரவியதை இலண்டனில் இருந்துகொண்டு பின்பற்றுகிறார். நான்காமவர் குரக்கன் மாவைத் தவிர வேறு மாவை வீட்டுக்குள் விடுவதில்லை. "நான் பத்துக் கிலோ குறைஞ்சனான், நீங்களும் செய்து பாருங்கோ" என்று ஒவ்வொருவரும் மற்றவரை அழைக்கிறார்கள். அந்த வார்த்தையில் அன்பு இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் ஓர் உடம்புக்கு நடந்தது இன்னோர் உடம்புக்கும் அப்படியே நடக்கும் என்ற பிழையான கணக்கு ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இது வெறும் சாப்பாட்டுக் கதையென்றால் நாம் இந்தப் பக்கத்தை அதற்குச் செலவழித்திருக்க மாட்டோம். ஒருவருக்குச் சரிவந்த டயட்டை இன்னொருவர் செய்து எடை குறையாவிட்டால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. வாயைக் கட்டத் தெரியாது, களவாகச் சாப்பிடுகிறார், மனவுறுதி இல்லை என்று வீட்டிலும் வெளியிலும் பேச்சு. இதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், சிறுநீரகம் பழுதான முதியவர், வளர்கிற பிள்ளை எல்லோரும் வீட்டில் யாரோ ஒருவர் தொடங்கிய டயட்டுக்குள் இழுபட்டுப் போகிறார்கள். அது சில வேளைகளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் முடிகிறது.

ஒரே சாப்பாடு, வேறு வேறு எடை

முதலில் அந்தப் பழியைப் பற்றிப் பேசுவோம். கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லாவால் பல்கலைக்கழகத்தில் குளோட் பூஷார் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஒரு பரிசோதனை 1990இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரர்கள் 12 சோடி, எல்லோரும் இளைஞர்கள். அவர்களைக் கண்காணிப்பில் தங்க வைத்து, 100 நாட்களில் 84 நாட்கள், உடம்புக்குத் தேவையானதைவிட நாளொன்றுக்கு 1000 கலோரி அதிகமாகக் கொடுத்தார்கள். களவுச் சாப்பாட்டுக்கு இடமில்லை. எல்லோருக்கும் மேலதிகமாகக் கிடைத்தது ஒரே அளவு. முடிவில் ஒருவருக்கு 4.3 கிலோ கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ கூடியது. மூன்று மடங்கு வித்தியாசம்! ஆனால் ஒரே சோடியைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் பெரும்பாலும் ஒருவரையொருவர் ஒத்தே பருத்தார்கள். கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்ததா வேறு இடத்திலா என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

ஆக, மேலதிகமாக உள்ளே போகும் சாப்பாட்டை எவ்வளவுக்குச் சேமிப்பது, எங்கே சேமிப்பது என்பதில் பிறவியோடு வந்த உடம்பின் சுபாவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "அவவும் இதைத்தானே சாப்பிடுறா, அவ எப்படி மெல்லிசா இருக்கிறா?" என்று கலியாண வீடுகளில் கேட்கும் மாமிமாருக்கு இந்த ஆய்வை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம் என்று எமக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

சரி, கூடுவதில்தான் வேறுபாடு, குறைப்பதற்காவது எல்லோருக்கும் பொதுவான ஒரு வழி இருக்காதா? அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தோபர் கார்டினரின் குழு இதற்கு விடை தேடியது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த உணவு, மறுபாதிக்கு மாப்பொருள் குறைந்த உணவு என்று ஒரு வருடம் பின்பற்ற வைத்தார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டும்படி சொல்லப்பட்டது. 2018இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாப்பொருளைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் குறைந்திருந்தார்கள். புள்ளிவிபரக் கணக்கில் இதை ஒரு வித்தியாசமாகவே கொள்ள முடியாது.

சராசரியோடு நின்றுவிட்டால் கதையின் பாதிதான் தெரியும். இரண்டு பக்கத்திலும் 25 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், ஏழெட்டுக் கிலோ கூடியவர்களும் இருந்தார்கள். கீட்டோவில் பத்துக் கிலோ குறைந்த எமது நண்பரும் உண்மை, அதே கீட்டோவில் இரண்டு கிலோ கூடிய அவரது மச்சானும் உண்மை. ஒன்றுகூடலில் எழுந்து பேசுவது முதலாமவர் மட்டும்தான். மச்சான் பேசாமல் வடை எடுக்கப் போய்விடுவார். ஆகவே எமது காதுக்கு வருவதெல்லாம் வென்றவர்களின் கதைகளே.

அந்த ஆய்வில் இன்னொன்றையும் சோதித்தார்கள். மரபணுவைப் பார்த்தோ, இன்சுலின் சுரக்கும் விதத்தைப் பார்த்தோ, இன்னாருக்கு இன்ன டயட் பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதே அது. முடியவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எச்சிலை ஒரு குழாயில் எடுத்து அனுப்பினால் "உங்கள் மரபணுவுக்கு ஏற்ற டயட்" என்று பணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தரும் வியாபாரங்கள் இப்போது பெருகிவிட்டன. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பது உண்மை. அந்த வேறுபாட்டை ஒரு குழாய் எச்சிலில் படித்துச் சொல்ல விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை என்பதும் உண்மை. அந்தக் காசுக்கு நல்ல மீனும் மரக்கறியும் வாங்கலாம் என்பது எமது அபிப்பிராயம்.

புதிய எடைக்குறைப்பு ஊசிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. செமாகுளுரைட் ஊசி பற்றி 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 68 கிழமைகளில் சராசரியாக உடல் எடையில் ஏறக்குறைய 15 வீதம் குறைந்தது. பெரிய சாதனைதான். ஆனாலும் அதே ஊசியைப் போட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு 5 வீதம்கூடக் குறையவில்லை.

எமது உடம்பின் கணக்கு

மேலே சொன்ன ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் எம்மைப் போன்றவர்கள் அல்லர். எம்மவரின் உடம்புக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு.

2004இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் ஒரு புகைப்படம் வெளியானது. பூனே நகரைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் திணிவுச் சுட்டி ஒன்றுதான், 22.3. பார்வைக்கு இருவரும் மெல்லிய மனிதர்கள். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்! தெற்காசியர்களின் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளே அதிகம் என்பதை அந்த ஒரு படம் விளக்கிவிட்டது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்குப் பி.எம்.ஐ. 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்றது. மற்றவர்களுக்கு அது 25.

இதைத் தெரியாமல் "நான் மெல்லிசு, எனக்கு டயட் ஒன்றும் தேவையில்லை" என்று இருந்துவிட்டு, நாற்பது வயதில் சீனி வருத்தம் என்று கேள்விப்பட்டுத் திகைத்து நிற்பவர்களை நாம் எமது சமூகத்தில் நிறையவே காண்கிறோம். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் றோய் ரெயிலர் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். கொழுப்பைத் தோலுக்குக் கீழே பத்திரமாகச் சேமித்து வைக்க ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருக்கிறதாம். அந்த எல்லை தாண்டினால் அது ஈரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் வழிந்து இரத்தச் சீனியைக் குழப்புகிறது. ஒருவருக்கு அந்த எல்லை 110 கிலோவில் இருக்கலாம், இன்னொருவருக்கு 62 கிலோவில் இருக்கலாம். அவரது குழு 2023இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், அதிக எடை இல்லாத 20 நீரிழிவுக்காரர்களை எடை குறைக்கச் செய்தார்கள். சராசரியாக 6.5 வீதம் குறைத்ததிலேயே 14 பேருக்கு நீரிழிவு அடங்கியது. அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு அது நாலு கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் இருபது கிலோ குறைத்தார் என்பதற்காக எல்லோரும் இருபது கிலோவைக் குறிவைக்க வேண்டியதில்லை. சிலருக்கு எடை குறையவே வேண்டியதில்லை, வயிறு குறைந்து தசை கூடினால் போதும். இதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து, இரண்டாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நூல் முட்டாவிட்டால் வயிறு கவனிக்கப்பட வேண்டியது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதை இங்குள்ள நைஸ் அமைப்பும் 2022இல் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்கக் கூடாது!

சோறா, புட்டா, பாணா?

"சீனிக்கு எது நல்லது?" என்பது எம்மிடம் ஓயாமல் வரும் கேள்வி. இதற்கும் ஒற்றை விடை இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 800 பேரின் இரத்தச் சீனியைத் தொடர்ந்து அளந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் சீனி ஏறும் அளவு வெகுவாக மாறியது. ஒருவருக்கு வாழைப்பழம் ஏற்றியது, பிஸ்கட் அவ்வளவாக ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறு. பிரித்தானியாவில் இரட்டையர்களை அதிகமாகச் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்குக்கூட ஒரே சாப்பாட்டுக்கு வேறு வேறு எண்கள் வந்தன. நித்திரை, முதல்நாள் சாப்பாடு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சாப்பிட்ட நேரம், நடந்த நடை என்று எத்தனையோ காரணங்கள்.

எம்மவர் சிலர் குரக்கனைக் கணக்கில்லாத சாப்பாடாக நினைத்து மூன்று நீத்துப் புட்டு வைத்துச் சாப்பிடுகிறார்கள். குரக்கனில் கல்சியம் நிறைய உண்டு, நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள். அரிசி மாவிலிருந்து அது வெகுதூரம் விலகிவிடவில்லை. சிவப்பரிசி இடியப்பமும் அப்படியே. நிறம் மாறியதால் எண்ணிக்கை மாறாது.

சீனி பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் ஒரு காரியம் செய்யலாம். வழக்கமாகச் சாப்பிடும் அளவு சோற்றைச் சாப்பிடுவதற்கு முன்னும், இரண்டு மணித்தியாலம் கழித்தும் பார்த்து எழுதுங்கள். இன்னொரு நாள் அதே கறிகளோடு பாதிச் சோறு. இன்னொரு நாள் புட்டு. ஒரு தடவை வந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளாமல் ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது பாருங்கள், ஏனென்றால் அதே ஆளுக்கு அதே சாப்பாட்டுக்கே நாளுக்கு நாள் எண் மாறும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 8.5க்குக் கீழ். உங்கள் வயதுக்கும் மருந்துக்கும் அது மாறலாம் என்பதால் வைத்தியரிடம் உங்கள் இலக்கைக் கேட்டு வையுங்கள். இப்படி இரண்டு கிழமை எழுதிய ஒரு கொப்பி, வட்ஸ்அப்பில் வரும் நூறு காணொளிகளைவிட உங்கள் உடம்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஒரு வீட்டில் நாலு உடம்பு

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் டயட் என்பது தனிமனித விடயமாக இருப்பதில்லை. ஒருவர் தொடங்கினால் அடுப்படியே மாறிவிடும். அம்மாவும் வேலைக்குப் போய்வந்து சமைக்கிற வீட்டில் ஆளுக்கொரு சமையல் நடக்காது என்பது நியாயமே. ஆனால் அந்த ஒரே பானையிலிருந்து யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

அப்பாவுக்கு ஐம்பது வயது. நீரிழிவுக்குக் கிளிக்ளசைட் மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறார். ஒரே நாளில் சோறும் பாணும் நிறுத்தினால், மருந்து மட்டும் பழைய அளவில் வேலை செய்ய, சீனி திடீரென்று இறங்கிவிடும். வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற, சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர் என்றால் வேறொரு ஆபத்து. அவர் கீட்டோவிலோ நீண்ட பட்டினியிலோ இறங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடும் 'கீட்டோஅசிடோசிஸ்' வரலாம். அதில் மோசமான விடயம், கருவியில் சீனி பெரிதாக ஏறியிருக்காது. சத்தி, வயிற்று நோ, மூச்சு வாங்குதல், அசதி என்று தொடங்கும். சீனி நல்லாய்த்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டயட் தொடங்குவதற்கு முன்பே மருந்தின் அளவைப் பற்றி வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ பேசினால் இவை பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை. மாப்பொருளைக் குறைத்து நன்மை கண்ட நீரிழிவுக்காரர்கள் பலர் உண்டு. மருந்தையும் கூடவே சரிசெய்துகொண்டு குறைத்தவர்கள் அவர்கள்.

அந்த அப்பாவே கிழமையில் நாலு நாள் இரவு வேலை செய்பவர் என்றால், பகல் வேலைக்காரருக்கு எழுதிய நேர அட்டவணை அவருக்குச் சரிவராது. நடுச்சாமத்தில் சாப்பிடும் அதே சோறு காலையில் சாப்பிடுவதைவிடச் சீனியை அதிகம் ஏற்றும், உடம்பின் கடிகாரம் அப்படி. வேலைக்குப் போகுமுன் பிரதான சாப்பாட்டை முடித்துவிட்டு, இரவில் ஒரு சிறு கிண்ணம் கடலையோ ஒரு முட்டையோ போதுமாக்கிக்கொள்வது சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது.

அப்பம்மாவுக்கு எழுபத்தெட்டு. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. மகனின் டயட்டுக்காக இறைச்சியும் முட்டையும் மேசையில் குவியும்போது அவவின் சிறுநீரகத்துக்கு அந்தப் புரதச் சுமை ஏற்றதா என்று யாரும் கேட்பதில்லை. காலையில் எல்லோருக்கும் பச்சைக்கீரைச் சாறு அடித்துக் கொடுப்பார்கள். கீரையில் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவருக்கு இதயத்தையே குழப்பக் கூடியது. நட்சத்திரப் பழமும் விளிம்பிக்காய்ச் சாறும் சிறுநீரக நோயாளருக்கு நஞ்சுக்குச் சமம். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர் திடீரென்று கீரையைப் பலமடங்கு கூட்டினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். போதாததற்கு, எழுபது தாண்டியவர்களுக்கு எடை குறைவது எப்போதும் நல்ல செய்தியும் அல்ல. குறைவது பெரும்பாலும் தசையாக இருந்தால், அடுத்தது குளியலறையில் விழுவதுதான். "அப்பம்மாவும் எங்களோட சேர்ந்து ஆறு கிலோ குறைஞ்சிட்டா" என்று பெருமையாகச் சொல்லப்படுவதைக் கேட்டால் எமக்கு மனம் பதைக்கிறது.

பதினைந்து வயது மகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மாதவிடாய் வரும் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 14.8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது பிரித்தானிய அளவீடு. அவளைவிட இரண்டு மடங்கு பருமனான அப்பாவுக்கு 8.7 போதும். வெள்ளி, செவ்வாய் மரக்கறி, அதற்கு மேல் அம்மாவின் டயட் என்று எல்லாம் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு இரும்பு எங்கிருந்து வரும்? பயறு, கடலை, கீரை, கூடவே தேசிக்காய்ப் புளி என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. இதைவிட முக்கியம் பேச்சு. "கொஞ்சம் வயிறு வைக்குது, சோத்தைக் குறை" என்று சாமத்திய வீட்டுப் படத்தைப் பார்த்து மாமாவும் சித்தியும் சொல்லும் வார்த்தைகள் பகிடியாகவே சொல்லப்படுகின்றன. வீட்டில் எடையைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பதும், களவாக அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்டது. எம்மவர் வீடுகளில் அது நடப்பதில்லை என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடத் தாதி ஒருவரிடம் பேசிப் பார்க்கட்டும். வளர்கிற பிள்ளைக்கு டயட் வேண்டாம். எடை உண்மையிலேயே கவலைக்குரியது என்றால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், அதை விருந்தினர் முன்னால் பேசாதீர்கள்.

அம்மாவைக் கடைசியில் சொல்கிறோம், வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் முன்பு சாப்பிட்ட அதே சாப்பாட்டுக்கே வயிற்றில் கொழுப்பு சேரத் தொடங்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனமில்லாமல் சாப்பிடுவதும் சேர்ந்துகொள்ளும். அவவுக்கு இன்னொரு டயட் புத்தகத்தைவிட, கிழமையில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் அடுப்படியிலிருந்து விடுதலையும் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் அதிகம் உதவும் என்பது எமது துணிபு.

இப்படிச் சொன்னால், ஒரே பானையில் எப்படிச் சமைப்பது என்று கேட்பீர்கள். பானை ஒன்றாகவே இருக்கட்டும், கோப்பைகள் மாறட்டும். பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு மீன் அல்லது முட்டை என்று பொதுவாகச் சமைத்துவிட்டால், அப்பாவின் கோப்பையில் சோறு ஓர் அகப்பையும் மரக்கறி அரைக் கோப்பையும், மகளுக்குச் சோறும் மீனும் தாராளமாக, அப்பம்மாவுக்கு வைத்தியர் சொன்ன அளவுப்படி என்று பரிமாறலாம். தனித்தனிச் சமையலுக்கு இது பரவாயில்லை.

ஆளுக்கு ஆள் வேறு என்பதைச் சாட்டாக வைத்து "எனக்கு றோல்ஸ்தான் பொருந்தும்" என்று சொல்பவர்களும் எம்மிடையே உண்டு! எல்லோருக்கும் பொதுவானவை சில இருக்கத்தான் செய்கின்றன. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹோல் என்பவர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு கிழமை பொதிகளில் வரும் தொழிற்சாலைச் சாப்பாடும், இரண்டு கிழமை வீட்டுச் சமையல் போன்ற சாப்பாடும் விரும்பிய அளவு சாப்பிட விட்டார். பொதிச் சாப்பாட்டில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகம் சாப்பிட்டு ஒரு கிலோ அளவு கூடினார்கள். மற்றதில் அதே அளவு குறைந்தார்கள். இனிப்புப் பானம், பேக்கரிப் பண்டம், பொரித்த பொதிகள் ஆகியவை எந்த உடம்புக்கும் உதவுவதாக நாம் அறியவில்லை. பருப்பும் மரக்கறியும் நடையும் போதிய நித்திரையும் பெரும்பாலும் யாரையும் கெடுத்ததில்லை.

தொடங்கிய டயட் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அறிய மூன்று மாதம் கொடுங்கள். எச்.பி.ஏ.1.சி. எனப்படும் சீனியின் சராசரிப் பரிசோதனை காட்டுவதும் ஏறக்குறைய அந்த மூன்று மாதத்தைத்தான். தொடங்குமுன் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் நான்கையும் பாருங்கள். எடை குறைந்து கெட்ட கொலஸ்ட்ரோல் தாறுமாறாக ஏறியிருந்தால் அது உங்களுக்குரிய டயட் அல்ல, கீட்டோ செய்யும் சிலருக்கு இப்படி நடக்கிறது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், கலியாண வீட்டுக்குப் போகப் பயந்து, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தால் அதுவும் உங்களுக்குரியது அல்ல, ஆறாம் மாதம் அது தானாகவே நின்றுபோகும். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களில், ஏற்கனவே நீரிழிவு, இதய நோய் போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை விளம்பரக் கடிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் எமது உறுப்பினர்களில் ஏராளம். ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடு சிலருக்கு, பாலும் பழமும் சிலருக்கு, வெறும் தண்ணீர் சிலருக்கு. நீரிழிவு, சிறுநீரக, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே குடும்ப வைத்தியரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ போய், எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். "விரதம்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முற்பதிவு செய்யும்போதே கேளுங்கள், இலவசமாக ஒழுங்கு செய்வார்கள்.